ஆறுதல் வேறு, திடன் வேறு

(புதுச்சேரியில் மாணவர்களும் இயக்கத் தோழர்களும் கூடிய ஒரு கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம். பேச்சுநடை அங்கங்கே அப்படியே விடப்பட்டுள்ளது.)



'அன்றாட வாழ்வில் கிறித்தவ நம்பிக்கை' என்பது எனக்குக் கொடுக்கப்பட்டிருக்கும் தலைப்பு. தலித் விடுதலை பேசுகிற மேடையில் இப்படி ஒரு தலைப்பா என்று சிலருக்குத் தோன்றலாம். இது பங்குச்சாமியார் ஞாயிற்றுக்கிழமை பூசையில பேச வேண்டியதாச்சே, இங்க எதுக்கு என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் இங்கே உட்கார்ந்திருக்கிறவர்களில் பலர் வீட்டுச் சுவரில் ஒரு பக்கம் அம்பேத்கர் படமும் இன்னொரு பக்கம் மாதா படமும் தொங்குது. அம்பேத்கர் படத்தை மாட்டினது நாம. மாதா படத்தை மாட்டினது நம்ம அம்மா. இந்த ரெண்டு படத்துக்கும் நடுவில் என்ன பேச்சு நடக்குது என்று நாம் காது கொடுத்துக் கேட்டதில்லை. அதைத்தான் கொஞ்சம் கேட்டுப் பார்க்கலாம் என்று நினைக்கிறேன்.

வழக்கமாக நம்மிடம் ரெண்டு பதில் தயாரா இருக்கு. ஒன்று சபையின் பதில்: நம்பு, பொறு, செபி, பரலோகத்தில் பலன் கிடைக்கும். இன்னொன்று நாம் படிப்பு வட்டத்தில் கற்றுக்கொண்ட பதில்: மதம் மயக்க மருந்து, அதை விட்டால்தான் விடியும். மார்க்ஸ் மதத்தை அபினோடு ஒப்பிட்டது எல்லாருக்கும் தெரியும். அதற்குச் சற்று முன்னாலேயே, மதம் துன்பத்தின் வெளிப்பாடாகவும் துன்பத்துக்கு எதிர்ப்பாகவும் இருக்கிறது என்ற அர்த்தத்தில் அவர் எழுதியிருப்பதை நம்மில் பலர் வாசிப்பதில்லை. சபையின் பதில், நம்ம பதில், ரெண்டிலும் பொதுவான ஒரு கோளாறு இருக்கு. ரெண்டுமே நம் மக்களை வாங்கிக்கொள்கிற ஆட்களாக மட்டுமே பார்க்குது. சாமியார் கொடுத்தார், இவங்க வாங்கினாங்க. வெள்ளைக்காரன் ஏமாத்தினான், இவங்க ஏமாந்தாங்க. வாங்கின நம்பிக்கையை வைத்து இந்த மக்கள் என்ன செய்தார்கள் என்ற கேள்வியை ரெண்டு பேருமே கேட்பதில்லை.

இந்த ஊரிலேயே அதற்கு ஒரு பதில் இருக்கு. மிஷன் வீதியில் இருக்கும் சம்பா கோயிலை எல்லாரும் பார்த்திருப்பீங்க. செயின்ட் பால், பிரெஞ்சுக்காரன் வாயில் 'சேன் போல்', நம்ம வாயில் 'சம்பா'. இப்போது நிற்கிற கட்டடம் 1791-இல் முடிந்தது. அதற்கு முன்னால் இருந்த கோயிலை 1761-இல் ஊரைப் பிடித்த ஆங்கிலேயர்கள் ஊரோடு சேர்த்து இடித்துத் தள்ளிட்டாங்க. அந்தப் பழைய கோயிலுக்குள்ளே வடபக்கமாக ஒரு சுவர் இருந்தது. சுவருக்கு ஒரு பக்கம் பறையர் கிறித்தவர்கள். மறுபக்கம் சாதிக் கிறித்தவர்கள், சட்டைக்காரர்கள், ஐரோப்பியர்கள். ஒரே பூசை, ஒரே பீடம், நடுவில் சுவர். 1745 அக்டோபரில் காரைக்காலிலிருந்து வந்த ஒரு சாமியார் அந்தச் சுவரைப் பார்த்துவிட்டு, இதை நீங்க ஏன் பொறுத்துக்கிட்டிருக்கீங்க என்று பறைச்சேரி மக்களைக் கேட்கிறார். மக்கள் கூட்டமாகத் திரண்டு பெரிய சாமியாரிடம் போறாங்க. நாங்களும் உங்க சீடர்கள்தான் என்றால் எல்லாரையும் ஒண்ணாத்தானே நடத்தணும், ஆண்டவர் இந்த வித்தியாசத்தை வைக்கலையே என்று வாதாடுறாங்க. பெரிய சாமியாரால் பதில் சொல்ல முடியல. சுவர் இடிக்கப்படுது. அன்று மாலைப் பூசையில் எல்லாரும் கலந்து நின்றார்கள்.

இது நம்ம ஆள் யாரும் எழுதி வைத்த கதை இல்லை. துய்ப்ளெக்ஸிடம் துபாஷியாக இருந்த ஆனந்தரங்கப் பிள்ளை தன் நாட்குறிப்பில் எழுதி வைத்திருக்கிறார். அவர் கிறித்தவர் இல்லை, நமக்கு வேண்டியவரும் இல்லை. பறையர் கோயிலுக்குள் கலந்துவிட்டார்கள் என்ற அதிர்ச்சியில் எழுதினவர். சாதிக் கிறித்தவர்கள் கொதித்துப் போனதையும் அவரே எழுதுகிறார். அந்த நாட்குறிப்பில் கனகராய முதலி குடும்பத்துக்குப் பெயர் இருக்கு. சுவரை இடிக்க வைத்தவர்களுக்குக் கூட்டுப்பெயர் மட்டும்தான். வரலாற்றில் நமக்குப் பெரும்பாலும் கிடைப்பது அந்தக் கூட்டுப்பெயர்தான்.

இதில் நான் கவனிக்கச் சொல்வது ஒன்று உண்டு. அந்த மக்கள் கையில் எந்தச் சட்டம் இருந்தது? எந்த அரசியல் கட்சி இருந்தது? 1745-இல் பிரெஞ்சுப் புரட்சியே நடக்கவில்லை. சமத்துவம் என்ற சொல்லை அவர்களுக்குச் சொல்லிக் கொடுக்க யாரும் இல்லை. கையில் இருந்தது ஞானஸ்நானம் ஒன்றுதான். அந்த ஞானஸ்நானத்தை ஒரு ரசீது மாதிரி நீட்டினாங்க. 'நீ கொடுத்தது இது. இதில் எழுதியிருப்பதை இப்ப கொடு.' நம்பிக்கை என்பதை நான் அங்கேதான் பார்க்கிறேன். அது மனசுக்குள்ளே உருகிக்கொண்டிருக்கிற சமாச்சாரமாக அன்று இல்லை. உரிமை கேட்கிற வாயாக இருந்தது.

அதற்கு முன்கதையும் இந்த ஊரில்தான் நடக்குது. 1703 நவம்பரில் போப்பாண்டவரின் தூதராகத் துர்னோன் என்பவர் புதுச்சேரிக்கு வருகிறார். 1704 ஜூனில் இங்கிருந்தே ஓர் ஆணை போடுகிறார். சேசு சபைச் சாமியார்கள் உள்ளூர் ஆசாரங்களுக்கு வளைந்து கொடுத்தது பற்றிய பெரிய சர்ச்சை அது. அதில் பல சங்கதிகள் உண்டு, நமக்கு முக்கியமானது ஒன்று: சாகக் கிடக்கிற பறையர் வீட்டுக்குள் சாமியார் நுழைந்து அவஸ்தைப்பூசுதல் கொடுக்கணுமா, வேண்டாமா? உள்ளே போனால் சாதிக் கிறித்தவர்கள் அந்தச் சாமியாரைச் சேர்க்க மாட்டார்கள். ஆகவே நோயாளியை வெளியே தூக்கிக்கொண்டு வரச் சொன்னாங்க. துர்னோன் அது கூடாது, வீட்டுக்குள் போக வேண்டும் என்றார். வழக்கு ரோமாபுரிக்குப் போய் நாற்பது வருஷம் இழுத்தது. 1744-இல் பதினான்காம் பெனடிக்ட் போப் கடைசியாக அதை உறுதி செய்தபோது சேசு சபை ஒரு வழி கண்டுபிடிச்சது. பறையருக்கு என்று தனிச் சாமியார்கள். அதுக்கு ரோமாபுரியும் சம்மதிச்சது.

நினைச்சுப் பாருங்க. ஒரு மனுஷன் சாகும்போது அவன் குடிசை வாசலைத் தாண்டி இன்னொரு மனுஷன் உள்ளே வரலாமா என்ற கேள்விக்கு நாற்பது வருஷம். அன்றாட வாழ்வு என்று நாம் சின்னதாகச் சொல்கிறோமே, அது இதுதான். யார் வீட்டுக்குள் யார் வருவது, யார் கையில் யார் தண்ணி வாங்கிக் குடிப்பது, எந்தத் தெரு வழியாகப் பிணம் போவது. சாதி தினமும் வேலை செய்கிற இடம் அது. ஆகவே எதிர்ப்பும் அங்கேதான் தினமும் நடந்தாகணும்.

அதே 1745-இல், சுவர் இடிந்த அடுத்த மாசம், கனகராய முதலி இறந்துபோன தன் மகன் நினைவாக உழவர்கரையில் கட்டின கோயிலுக்குத் திருவிழா எடுத்தார். எல்லாச் சாதியாரையும் விருந்துக்கு அழைத்து அவரவர் ஆசாரப்படி சாப்பாட்டுக்கு ஏற்பாடு செய்தார்.  ஒரே ஊர், ஒரே வேதம், ஒரே வருஷம். ஒரு பக்கம் சுவரை இடிக்கிற கிறித்தவம். இன்னொரு பக்கம் இலைக்கு இலை சாதி பார்க்கிற கிறித்தவம். இந்த ரெண்டும் இன்றுவரை ஒரே கூரைக்குக் கீழேதான் இருக்கு. கிறித்தவம் நமக்கு நல்லதா கெட்டதா என்று மொத்தமாகக் கேட்டால் பதில் கிடைக்காமல் போவது அதனால்தான். எந்தக் கிறித்தவம், யார் கையில் என்று பிரித்துக் கேட்கணும்.

இப்போது நம்ம அம்மாக்களிடம் வருவோம். ஒரு காலத்தில் இந்த ஊருக்கு நேரம் சொன்னது மில் சங்கும் கோயில் மணியும். 1898-இல் தொடங்கி, ரோடியர் மில் என்று நாம் சொல்லிவந்த ஏ.எஃப்.டி. 2020-இல் மூடப்பட்டது. சுதேசி, பாரதி மில்களும் போயிடுச்சு. 1936 ஜூலை 30-இல் பன்னிரண்டு தொழிலாளிகள் துப்பாக்கிச்சூட்டில் செத்து வாங்கின உரிமைகளைப் பயன்படுத்த இன்றைக்கு மில்லே இல்லை. அந்த வீட்டுப் பெண்கள் இன்று சித்தாள் வேலைக்கும் துப்புரவு வேலைக்கும் பங்களாக்களில் பாத்திரம் தேய்க்கவும் போறாங்க. விடியற்காலையில் எழுந்து, ஒரு அருள் நிறைந்த மந்திரத்தைச் சொல்லிக்கிட்டே அடுப்பைப் பற்றவைத்து, சோறு பொங்கி வைத்துவிட்டுக் கிளம்புறாங்க. வெள்ளிக்கிழமை ஒருசந்தி. சாயங்காலம் யாராவது ஒருத்தர் வீட்டில் அன்பியக் கூட்டம், இல்லாவிட்டால் உபவாச செபம். புருஷன் குடிச்சிட்டு அடிக்கிறதை, பிள்ளைக்குப் பீஸ் கட்ட முடியாததை, வேலைக்காரி என்று பேர் சொல்லாமல் கூப்பிடுறதை எல்லாம் அந்த நாலு சுவருக்குள்ளே அழுது சொல்றாங்க. நாலு பெண்கள் கேட்கிறார்கள். கேட்டுவிட்டு, அடுத்த நாள் ஒருத்தி அரிசி கொடுக்கிறாள், ஒருத்தி ஆஸ்பத்திரிக்குக் கூட வருகிறாள்.

நாம் போடுகிற தெருமுனைக் கூட்டத்தில் அந்தப் பெண்ணுக்கு மைக் கொடுத்திருக்கோமா? இல்லை. அந்த செபக் கூட்டத்தில் அவள் வாய்விட்டுப் பேசுகிறாள். எழுத்துக் கூட்டியாவது வேதாகமத்தை வாசிக்கக் கற்றுக்கொண்ட பெண்கள் உண்டு. எஜமானிக்கு முன்னால் பேச முடியாதவள் கடவுளிடம் 'நீ ஏன் இப்படிப் பண்ணினே' என்று சண்டை போடுகிறாள். கடவுளிடமே கணக்குக் கேட்டுப் பழகினவள் மேஸ்திரியிடம் கூலிக் கணக்குக் கேட்க எவ்வளவு தூரம்? அந்தத் தூரத்தைக் குறைப்பது நம்ம வேலை. அந்த செபத்தைக் கேலி செய்வது நம்ம வேலை இல்லை.

இங்கே ரெண்டு சொல்லைப் பிரித்துப் பார்க்கணும். ஒன்று ஆறுதல். இன்னொன்று, பழைய வேதாகமத் தமிழில் வருகிற 'திடன்'. ஆறுதல் என்றால் என்ன? சூடு ஆறுவது. காய்ச்சின பால் ஆறும். புண் ஆறும். கோபமும் ஆறும். புண் ஆறினால் நல்லது. கோபம் ஆறிப்போனால் யாருக்கு லாபம்? சபை நமக்கு இத்தனை நாளாக ஆறுதலைத்தான் அள்ளி அள்ளிக் கொடுத்தது. 'உன் சிலுவையை நீ சும' என்றார்கள். அந்தச் சிலுவையைச் செய்தவன் யார், தோளில் ஏற்றினவன் யார் என்று கேட்கவிடவில்லை. திடன் அப்படி இல்லை. திடன் என்றால் உடம்பில் தெம்பு. காலில் பலம். எழுந்து நடக்கச் சொல்கிற சொல். ஒரு வேதவாசகம் உன்னை உட்கார வைக்குதா, எழுப்பி விடுதா என்று பார்த்தால் போதும், அது ஆறுதலா திடனா என்று தெரிந்துபோகும்.

பாபாசாகேப் அம்பேத்கர் இதைக் கூர்மையாகப் பார்த்திருக்கிறார். மதம் மாறின தீண்டப்படாதவர் நிலை பற்றி அவர் எழுதி, அவர் காலத்தில் அச்சாகாமல் இருந்து, 1989-இல் தொகுதியாக வெளிவந்த கட்டுரையை மாணவத் தோழர்கள் கட்டாயம் வாசிக்கணும். உன் வீழ்ச்சிக்குக் காரணம் உன் பாவம் என்று கிறித்தவ போதனை சொல்கிறது, உன்னைச் சுற்றியிருக்கிற சமூக ஏற்பாடு என்று சொல்வதில்லை, அதனால் மதம் மாறினவனுக்கு அநீதியை எதிர்த்து நிற்கும் உந்துதல் வருவதில்லை என்பது அவர் விமர்சனத்தின் சாரம். இந்த விமர்சனத்துக்கு இந்தியச் சபை இன்னமும் முழுசாகப் பதில் சொல்லவில்லை. சுவர் இடித்த பறைச்சேரி மக்கள் ஒரு பதில் சொன்னார்கள். அந்தப் பதிலைச் சபையே மறைத்துவிட்டது.

1980-களிலிருந்து தலித் இறையியல் என்று சிலர் பேச ஆரம்பித்தார்கள். 1981-இல் பெங்களூரில் அர்விந்த் நிர்மல் தொடங்கி வைத்த பேச்சு அது. நம்ம பக்கம் மதுரை அரசரடி இறையியல் கல்லூரியில் பரட்டை என்கிற தியோபிலஸ் அப்பாவு அதை மேடையிலிருந்து தெருவுக்குக் கொண்டு வந்தார். கர்நாடக ராகத்தில் இருந்த கோயில் பாட்டை நாட்டுப்புற மெட்டுக்கு இறக்கினார். சாவுக்கு மட்டும் என்று ஒதுக்கின பறையை வழிபாட்டுக்குள் கொண்டு வந்தார். 'ஒரு உலை' என்று ஒரு கருத்தைச் சொன்னார். தனித்தனி அடுப்பு, தனித்தனிப் பானை என்பதுதான் சாதி, எல்லாரும் ஒரே உலையில் பொங்கித் தின்பதுதான் தேவனுடைய ராஜ்யம் என்பது அதன் பொருள். உழவர்கரை விருந்துக்கு இருநூறு வருஷத்துக்கும் மேல் கழித்து வந்த பதில் என்று அதைச் சொல்லலாம். 2005-இல் அவர் மறைந்தார்.

பாமாவின் 'கருக்கு' 1992-இல் வந்தபோது இந்த விஷயம் இன்னொரு பக்கமிருந்து வெடித்தது. கன்னியாஸ்திரி மடத்துக்குள் போய், அங்கே நடப்பதைப் பார்த்து வெளியே வந்த ஒரு தலித் பெண்ணின் எழுத்து. மடத்தைத்தான் அவர் விட்டார். ஒடுக்கப்பட்டவர் பக்கம் நிற்கிற கடவுளை மடத்துக்காரர்களிடம் விட்டுக்கொடுக்கவில்லை. அவருடைய அண்ணன் ராஜ் கௌதமன் இந்த ஊரிலேயே பேராசிரியராக இருந்தவர், 2024 நவம்பரில் மறைந்தார். தன் 'சிலுவைராஜ் சரித்திர'த்தில் அதே அனுபவத்தைக் கேலியும் கசப்புமாக எழுதினார். நம்பினவர், நம்பாதவர் ரெண்டு பேரும் ஒரே வீட்டிலிருந்து ஒரே சாதிக்கு எதிராக எழுத முடிந்தது. நமக்கும் அது முடியணும்.

இன்னொரு கதை, சுவிசேஷத்திலிருந்து. ஒரு வேற்று இனத்துப் பெண் தன் மகளுக்குச் சுகம் கேட்டு இயேசுவிடம் வருகிறாள். பிள்ளைகளுக்கான அப்பத்தை நாய்க்குட்டிகளுக்குப் போடுவது சரியில்லை என்கிற மாதிரி அவர் பேசுகிறார். நம்மை நாய் என்று சொல்வது நமக்குப் புதுசா? அவள் அழுதுகொண்டு திரும்பிப் போகவில்லை. மேசையிலிருந்து விழுகிற துணுக்கு நாய்க்குட்டிக்கும் உண்டே என்று திருப்பி வாதாடுகிறாள். அவர் தன் பேச்சை மாற்றிக்கொள்கிறார். மகள் சுகமாகிறாள். கோயிலில் இந்தக் கதையைத் தாழ்மைக்கு உதாரணமாகச் சொல்வார்கள். எனக்கு அது வாதத்துக்கு உதாரணம். வாதாடினதால்தான் கிடைச்சது. ஆண்டவரிடமே ஒரு பெண் வாதாடி ஜெயித்திருக்கும்போது, ஆயரிடமும் தாசில்தாரிடமும் வாதாட நாம ஏன் தயங்கணும்?

தாசில்தார் என்றதும் சாதிச் சான்றிதழ் ஞாபகம் வருது. இந்த ஊரில் பெயருக்கு ஒரு தனிக் கதை உண்டு. 1881-இல் பிரெஞ்சு அரசு ஒரு ஆணை போட்டது. தன் சாதி, மத ஆசாரச் சட்டத்தை விட்டுவிடுகிறேன் என்று எழுதிக் கொடுத்தால் பிரெஞ்சுச் சிவில் சட்டத்துக்குள் வரலாம், குடும்பப் பெயரும் எடுத்துக்கலாம். எழுதிக் கொடுத்தவர்களில் பெரும்பாலோர் கிறித்தவர்கள். ஒடுக்கப்பட்ட சாதியார் அதில் கணிசம். சாதியைச் சொல்லாத ஒரு பெயருக்காக எழுதிக் கொடுத்தாங்க. அந்தப் பெயரோடு இந்தோசீனாவுக்குச் சிப்பாயாகவும் எழுத்தராகவும் போனாங்க. சொல்தா வீடுகள் இன்னும் இங்கே இருக்கு.

1962-இல் இந்தியாவோடு சட்டப்படி சேர்ந்தோம். 1964-இல் புதுச்சேரிக்கான பட்டியல் சாதி ஆணை வந்தது. 1950-இல் குடியரசுத் தலைவர் போட்ட ஆணையின் நிபந்தனைதான் இங்கேயும்: இந்து மதத்தையோ சீக்கிய மதத்தையோ சாராதவர் பட்டியல் சாதி ஆக முடியாது என்றது அது. மூல ஆணையில் இந்துக்கள் மட்டும் இருந்தார்கள், 1956-இல் சீக்கியர்களைச் சேர்த்தார்கள், 1990-இல் பௌத்தர்களைச் சேர்த்தார்கள். கிறித்தவருக்கும் முஸ்லிமுக்கும் கதவு சாத்தியே இருக்கு. வன்கொடுமைத் தடுப்புச் சட்டம்கூட நமக்குப் பொருந்தாது. அடிக்கிறவன் நம்மைத் தலித்தாகப் பார்த்துத்தான் அடிக்கிறான், சட்டம் மட்டும் கிறித்தவனாகப் பார்க்குது. சென்னையில் தெருவோரம் செருப்புத் தைத்த சூசை என்ற தொழிலாளிக்கு, கிறித்தவர் என்பதால் அரசு இலவசமாகக் கொடுத்த பெட்டிக்கடை மறுக்கப்பட்டது. உச்ச நீதிமன்றம் வரை போனார். 1985-இல் தள்ளுபடி. ரங்கநாத் மிஸ்ரா ஆணையம் 2007-இல் மத நிபந்தனையை நீக்கச் சொன்னது. செய்யவில்லை. 2022 அக்டோபரில் கே.ஜி. பாலகிருஷ்ணன் தலைமையில் இன்னொரு ஆணையம் போட்டார்கள். 2024 நவம்பர் 26, அரசியல் சட்ட நாள். அன்றைக்கு ஒரு புதுச்சேரிப் பெண்ணின் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது, சலுகைக்காக மட்டும் மதம் மாறியதாகக் காட்டுவது அரசியல் சட்டத்தின் மீதான மோசடி என்று.

ஆகவே வீட்டுக்கு வீடு ரெண்டு பெயர். கோயில் பதிவேட்டில் ஒன்று, பள்ளிக்கூடப் பதிவேட்டில் ஒன்று. பிள்ளை கும்பிடுவதையும் ஒளிக்கணும், படிக்கவும் வைக்கணும். இதைச் சந்தர்ப்பவாதம் என்று பேசுகிற மேல்சாதிக்காரர்கள் உண்டு. வழிபாட்டுக்கும் வாழ்க்கைக்கும் நடுவில் ஒன்றைத் தேர்ந்தெடு என்று ஒரு பிரிவு மக்களை மட்டும் கட்டாயப்படுத்துகிற ஏற்பாட்டுக்கு அவர்கள் என்ன பெயர் வைத்திருக்கிறார்கள்?

அரசு ஒரு பக்கம் என்றால் சபை இன்னொரு பக்கம். நம்ம புதுவை-கடலூர் உயர்மறைமாவட்டத்தைச் சேர்ந்த எறையூரை நினைச்சுக்குங்க. பொதுப் பாதையில் எங்க பிணம் போகணும், கோயிலில் சமமா நடத்தணும், இல்லாவிட்டால் நாங்க கட்டின சகாய மாதா கோயிலைத் தனிப் பங்காக்கு என்று தலித் கிறித்தவர்கள் கேட்டாங்க. 2008 மார்ச் 9 அன்று கலவரம். போலீஸ் துப்பாக்கிச்சூட்டில் வன்னியக் கிறித்தவர்கள் ரெண்டு பேர் செத்தார்கள். அந்தச் சாவும் நமக்கு வருத்தம்தான். சாதி தன்னைக் காப்பாற்றிக்கொள்ள யாரை வேண்டுமானாலும் பலி கொடுக்கும். திருச்சி மேலப்புதூர் கல்லறைத் தோட்டத்தில் செத்தவர்களுக்கும் நடுவே சுவர். 2016-இல் இந்திய ஆயர் பேரவையே தலித் மேம்பாட்டுக்கான கொள்கை ஆவணம் வெளியிட்டு, கத்தோலிக்கரில் பெரும்பான்மை தலித்துகள், ஆயர்களில் தலித்துகள் 12 பேர்தான் என்று ஒப்புக்கொண்டது. 2022-இல் ஐதராபாத் பேராயர் அந்தோணி பூலா முதல் தலித் கர்தினால் ஆனார். நல்லது. ஆனால் ஒரு நாற்காலி, ஒரு மேசை ஆகாது.

மாணவத் தோழர்களுக்கு மூணு வேலை சொல்லி முடிச்சுக்கிறேன்.

முதல் வேலை, 1745-ஐச் சேரிக்குச் சேரி கொண்டு போங்க. ஆனந்தரங்கப் பிள்ளை நாட்குறிப்பின் அந்தப் பக்கத்தை நம்ம பிள்ளைகளுக்கு வாசித்துக் காட்டுங்க. சம்பா கோயில் வாசலில் சுற்றுலாக்காரருக்குக் கட்டடத்தின் அழகைச் சொல்ல ஆள் இருக்கு. இடிந்த சுவரைச் சொல்ல ஆள் இல்லை.

ரெண்டாவது, உங்க பங்கில் கணக்கெடுங்க. பங்குப் பேரவையில் யார், கோயில் சம்பந்தப்பட்ட பள்ளி, கல்லூரி வேலையில் யார், சப்பரம் எந்தத் தெரு வரைக்கும் வருது, எந்தத் தெருவோடு திரும்புது, கல்லறையில் யாருக்கு எந்த மூலை. எழுதி எடுத்துக்கிட்டு ஆயரிடம் போங்க. அழுகையைவிடக் கணக்குக்குச் சக்தி அதிகம்.

மூணாவது, அம்மாக்களின் செபக் கூட்டத்துக்குப் போங்க. பாடம் நடத்தப் போக வேண்டாம். உட்கார்ந்து கேளுங்க. அங்கே ஒருத்தி தன் மேஸ்திரியைப் பற்றி ஆண்டவரிடம் முறையிடும்போது, அந்த மேஸ்திரி பெயரைக் குறித்துக்கொள்ளுங்க. மறுநாள் காலையில் அவளோடு கூலி கேட்கப் போங்க. அவள் நம்பிக்கையோடு வரட்டும், நீங்க நம்ம கொள்கையோடு போங்க. நாம ரெண்டு பேரும் கேட்கப் போகிற பாக்கி ஒண்ணுதான்.

ஜெய்பீம்.